அடிவரைக்கும் கச்சாயம்

நாச்சியம்மாள் வாழ்த்துவதற்கு ஆள் இல்லாமல் போன நாளே கிடையாது. போன கரண்டு திரும்பி வந்தால் லைன்மேன் நல்லா இருக்க வேண்டும். பல்லடம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் எழுந்து போனவள் நல்லா இருக்க வேண்டும், அவள் தன் ஊர் வந்ததால்தான் எழுந்தாள் என்றாலும். போர்வெல்லில் தண்ணீர் வந்த அன்று, குழாய் இறக்கியவர்கள், லாரி ஓட்டியவர், டீ வாங்கி வந்தவர் என்று வரிசையாக எல்லோரையும் நிற்க வைத்து வாழ்த்தினாள். 'நன்றி' என்ற சொல்லை மேடையில் மைக் பிடிப்பவர்களுக்கென்று விட்டுவிட்டாள். அவள் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "நல்லா இருக்கோணும் சாமி." சொல்லும்போதே வலது கை தானாக மேலே எழும்.

அப்படிப்பட்டவள், மூன்று வருஷமாகத் தன் கோழிப் பண்ணையில் வேலை செய்யும் பிகாஷுக்கு அதை ஒருநாளும் சொன்னதில்லை. அவள் கெட்டவள் இல்லை. வேலை செய்கிறான், சம்பளம் வாங்குகிறான், இதில் வாழ்த்த என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டாள். நம்மில் பாதிப்பேர் அப்படித்தான் இருக்கிறோம், அவளை மட்டும் சொல்லி என்ன.

பண்ணை பல்லடத்திலிருந்து உடுமலை போகும் ரோட்டில் இருந்தது. இரண்டு ஷெட், எட்டாயிரம் கோழி. அவளும் புருஷன் தம்பிதுரையும் அதை நடத்தினார்கள். பிகாஷ் ஒடிசாவில் கோராபுட் பக்கத்து ஆள். நாற்பது வயது இருக்கும். வந்தபோது தமிழில் ஒரு சொல் தெரியாது. இப்போது கோழியிடம்கூட மரியாதையாகப் பேசுவான். "தள்ளுங்க, தள்ளுங்க, தண்ணி ஊத்தோணுமுங்க" என்று அவன் ஷெட்டுக்குள் போவதைக் கேட்டால், இவனை ஊர்ப் பஞ்சாயத்தில் உட்கார வைக்கலாம் என்று தம்பிதுரை சிரிப்பார்.

போன ஆடி மாதம் அவன் ஒன்று கேட்டான். மூன்று வருஷத்தில் அவன் கேட்டது அது ஒன்றுதான். அவனுடைய தம்பி ரஞ்சன் வேலை தேடி இதே பல்லடத்துக்கு ரயிலேறி வந்தவன். வழியில் யாரோ ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து, பிஸ்கட் கொடுத்து, பேச்சுக் கொடுத்து, கடைசியில் ஒரு பையையும் கொடுத்தான். "நான் அந்தப் பெட்டியில் இருக்கும் மாமாவைப் பார்த்துவிட்டு வருகிறேன், போத்தனூரில் இறங்கும்போது வாங்கிக்கொள்கிறேன்" என்றான். போத்தனூரில் ரயில்வே போலீஸ் அந்தப் பையைத் திறந்தபோது உள்ளே நாலு கிலோ கஞ்சா இருந்தது. பை கொடுத்தவனைக் காணோம். ரஞ்சன் கோயமுத்தூர் ஜெயிலுக்குப் போனான். சில மாதம் கழித்துக் கோர்ட் ஜாமீன் கொடுத்தது. ஆனால் இந்த ஊரில் சொத்துள்ள இரண்டு பேர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒடிசாக்காரனுக்கு இங்கே யார் இருக்கிறார்கள்? ஜாமீன் கிடைத்த பிறகும் அவன் உள்ளேயேதான் கிடந்தான்.

"அய்யா, நீங்க வந்து ஒரு கையெழுத்துப் போட்டா போதுமுங்க" என்றான் பிகாஷ். தம்பிதுரை தலையைச் சொறிந்தார். பாதி மனசு வந்துவிட்டது அவருக்கு. அதற்குள் சமையல்கட்டிலிருந்து நாச்சியம்மாளின் குரல் கேட்டது.

"ஏனுங்க, எதுல வேண்ணா கையெழுத்துப் போடுங்க, ஜாமீன்ல மட்டும் போட்றாதீங்க. முன்னப் பின்னத் தெரியாதவனுக்கு, அதும் கஞ்சா கேசுல! நாளைக்கு அவன் ஓடிப்போயிட்டா நம்ம தோட்டத்துக்கு ஆரு பதில் சொல்றது?"

பிகாஷ் அதைக் கேட்டான். "சரிங்க அம்மா" என்றான். போய் கோழிகளுக்குத் தண்ணீர்க் கிண்ணம் கழுவினான். மறுநாளும் வழக்கம்போல் ஆறு மணிக்கு வந்தான். முகத்தில் ஒன்றுமே இல்லை.

அந்த வருஷம் ஐப்பசியில்தான் மகள் வர்ஷினிக்குச் சார்ஜாவில் வேலை கிடைத்தது. லேப் டெக்னீசியன் படிப்பு, அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. ஒரே மகள். விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி, அந்த வீட்டில் யாரும் அதில் ஏறியதில்லை. டிக்கெட் போட்டுத் தந்தவன் மோகன்குமார் என்று, பல்லடத்தில் புதிதாக டிராவல்ஸ் கடை வைத்தவன். வாய் நிறைய "அக்கா, அக்கா" என்பான். முப்பது கிலோதான் கொண்டுபோகலாம் என்ற இடத்தில், "உங்களுக்காகப் பேசிப் பத்துக் கிலோ சேத்து வாங்கிப்போட்டனுங்க அக்கா" என்றான். நாச்சியம்மாளின் கை எத்தனை முறை மேலே போனது என்று கணக்கில்லை. அவனை அவள் வாழ்த்தியதில் ஒரு பங்கு சாமிக்குச் செய்திருந்தால் சாமியே நேரில் வந்திருக்கும்.

கிளம்புவதற்கு முதல் நாள் காலையில் அவன் பைக்கில் வந்து இறங்கினான். கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. மூடியைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தது.

"அக்கா, என்ற தங்கச்சி சார்ஜாலதான் இருக்கறா. இப்ப ஏழு மாசம். பாவம், கச்சாயம் வேணும்னு போன்ல அழுகறா. அம்மா சுட்டுக் குடுத்துச்சு. ரெண்டு கிலோகூட இருக்காதுங்க. ஏர்போர்ட்டுக்கு மாப்பிள்ளை வந்து வாங்கிக்குவாரு."

பச்சரிசி மாவையும் வெல்லத்தையும் பிசைந்து எண்ணெயில் சுட்டெடுக்கும் கச்சாயத்துக்கு மாசமாக இருக்கும் ஒருத்தி அழுகிறாள் என்றால் எந்தப் பெண்பிள்ளைக்கு மனசு இளகாது? நாச்சியம்மாள் டப்பாவை இரண்டு கையாலும் வாங்கினாள். அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூடியில் 'அருண்குமார் – ரித்திகா' என்று பெயர் வெட்டியிருந்தது. போன தையில் நடந்த கல்யாணம். பல்லடத்தில் பாதிப்பேர் போயிருந்தார்கள், போனவர்கள் எல்லோருக்கும் இதே டப்பாவைத்தான் கொடுத்தார்கள். அவள் வீட்டிலும் ஒன்று இருந்தது. சொல்லப்போனால் அன்று காலையில்தான் அவளும் கச்சாயம் சுட்டு, அந்த டப்பாவில் மகளுக்காக நிரப்பி வைத்திருந்தாள்.

"ஒரே டப்பா, ஒரே பலகாரம். பாத்தீங்களா அம்மணி, உங்கூடவே ஒரு அக்காளும் கச்சாயம் திங்கப்போறா" என்றாள் மகளிடம்.

மத்தியானம் பெட்டியை எடை போட வேண்டியிருந்தது. வீட்டில் தராசு கிடையாது. பண்ணையில் கோழி நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசு இருந்தது. பெட்டிகளை அங்கே தூக்கிப் போனார்கள். பிகாஷ் தராசை ஈரத்துணியால் துடைத்து, மேலே பேப்பர் விரித்து, இரண்டு பெட்டியையும் வைத்தான். நாற்பத்தொரு கிலோ அறுநூறு காட்டியது.

"அதெப்படி?" என்றாள் நாச்சியம்மாள். "நான் ஒவ்வொண்ணா மனசுலயே கணக்குப் போட்டு வெச்சனே, நாப்பதத் தாண்டாதே."

"இருங்க அம்மா, ஒவ்வொண்ணா வெச்சுப் பாக்கலாமுங்க."

பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சாமானாக எடுத்துத் தராசில் வைத்தான். பருப்புப்பொடி. ஊறுகாய். துணிமணி. புத்தகம். பிறகு நாச்சியம்மாளின் கச்சாய டப்பா. ஒரு கிலோ எண்ணூறு. அப்புறம் மோகன்குமார் தந்த டப்பா. மூன்று கிலோ நூறு.

பிகாஷ் அதை எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். அதே மூன்று கிலோ நூறு.

கோழிப் பண்ணையில் ஒரு பழக்கம் உண்டு. லாரி வரும் நாளில் முதலில் காலிப் பெட்டியை நிறுப்பார்கள். பிறகு கோழியோடு நிறுப்பார்கள். இதில் அதைக் கழித்தால் மீதி கோழி. ஒரு நாளைக்கு நானூறு பெட்டி அப்படிக் கழித்துக் கழித்து, பிகாஷுக்கு எந்தச் சாமானைப் பார்த்தாலும் மேலே எவ்வளவு, உள்ளே எவ்வளவு என்று மனசு தானாகப் பிரித்துவிடும்.

"அம்மா, டப்பா ஒண்ணுதானுங்க. உள்ள இருக்கறதும் ஒண்ணுன்னுதான் சொன்னாருங்க. அப்பறம் எப்படிங்க ஒரு கிலோ முந்நூறு கூட வரும்?"

"அவங்க ஊட்டுல மாவக் கெட்டியாப் பெசஞ்சிருப்பாங்க. கச்சாயத்தப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

"கச்சாயம் தெரியாதுங்க. எடை தெரியுமுங்க." டப்பாவைக் கையில் தூக்கி லேசாகச் சாய்த்துப் பார்த்தான். "கனமெல்லாம் அடியிலயே இருக்குதுங்க. பிரிச்சுப் பாத்துருங்க அம்மா."

நாச்சியம்மாளுக்குச் சுருக்கென்றது. "மாசமா இருக்கறவளுக்குக் குடுத்து உட்டத நடுவழியில பிரிப்பாங்களா? அவ கையிலதான் அது பிரியோணும். நாலு பேரு கண்ணு பட்டுத் தின்னா அந்தப் புள்ளைக்கு வவுத்துக்கு ஒத்துக்குமா? அந்தப் பாவம் எனக்கெதுக்கு?"

இது சும்மா சொன்ன சாக்கு இல்லை. அவள் அதை முழுசாக நம்பினாள். அவளுடைய அம்மா அப்படித்தான் செய்தாள், ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். தவிர, இவ்வளவு உதவி செய்த மனிதன் கொடுத்ததைப் பிரித்துப் பார்ப்பது அவன் முகத்திலேயே அடித்தது போலாகும். மோகன்குமார் இதையெல்லாம் தெரிந்துதான் ஏழு மாசத் தங்கச்சி கதையை எடுத்துவிட்டான் என்பது அவளுக்கு அப்போது எப்படித் தெரியும்?

"என்ற தம்பியும் பிரிக்கலீங்க" என்றான் பிகாஷ் மெதுவாக. "அடுத்தவங்க பைய்யிய நாம எதுக்குப் பிரிக்கறதுன்னு மடிலயே வெச்சுட்டு வந்தானுங்க."

நாச்சியம்மாளுக்குக் கோபம் தலைக்கேறியது. "நல்ல காரியத்துக்குப் புள்ள கெளம்பற நேரத்துல ஜெயிலுக்குப் போனவன் கதைய எதுக்கு எடுக்கற? பேசாம பெட்டிய மூடி வண்டில வெய்யி. எம்பட கச்சாயத்த வெளிய எடுத்து வெச்சரலாம், எடை சரியாப் போயிரும்."

பிகாஷ் பெட்டியைத் தொடவில்லை. தராசுக்கு முன்னால் அப்படியே நின்றான்.

"நான் வெக்க மாட்டேனுங்க அம்மா."

'மாட்டேன்' என்ற சொல் அவனுக்குத் தெரியும் என்பதே அன்றுதான் அந்த வீட்டுக்குத் தெரிந்தது. தம்பிதுரை மகளைப் பார்த்தார், மகள் அம்மாவைப் பார்த்தாள்.

"பிரிச்சு, உள்ள கச்சாயம் மட்டும் இருந்தா நாளைக்கே நான் ஊருக்குப் போயர்றனுங்க" என்றான் பிகாஷ்.

"செரி, பாத்துக்க!" என்று நாச்சியம்மாள் தீவன மூட்டை அறுக்கும் கத்தியை எடுத்தாள். அவனை வெட்கப்பட வைக்க வேண்டும் என்பதற்காகத்தான் எடுத்தாள். இதையும் உண்மையாகச் சொல்லிவிட வேண்டும். டேப்பை அறுத்தாள். "தப்பா எடுத்துக்காத அம்மணி" என்று முகம் தெரியாத அந்த மாசமானவளிடம் முணுமுணுத்தாள். மூடியைத் திறந்ததும் வெல்ல வாசனை வந்தது. மேலே வரிசையாகக் கச்சாயம்.

"பாத்துட்டயா? கண்ணு குளுந்துச்சா?"

"அடிவரைக்கும் எடுங்க அம்மா."

ஒவ்வொன்றாக எடுத்துப் பேப்பரில் வைத்தாள், ஒவ்வொன்றையும் அவன் முகத்துக்கு நேராகக் காட்டிவிட்டு. பதினான்கு கச்சாயம் வெளியே வந்தது. அதற்குக் கீழே எண்ணெய்த்தாள். எண்ணெய்த்தாளுக்குக் கீழே ஒரு எவர்சில்வர் தட்டு, டப்பாவின் அளவுக்கே வெட்டியது. நகத்தால் நெம்பித் தட்டைத் தூக்கினாள். பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றிய கறுப்புக் கட்டிகள் அடுக்கியிருந்தன.

"கருப்பட்டியா இருக்குமோ?" என்றாள்.

பிகாஷ் குனிந்து மோந்து பார்த்தான். உடனே இரண்டு அடி பின்னால் போனான். "இல்லீங்க" என்றான்.

"அம்மா, தொடாத. கைய எடு" என்றாள் வர்ஷினி.

தம்பிதுரைக்கு முதலில் தோன்றியது குழி. செத்த கோழியைப் போடும் குழி பண்ணைக்குப் பின்னால் இருந்தது. அதில் போட்டு மண்ணைத் தள்ளிவிட்டால் முடிந்தது, போலீசும் வேண்டாம், பேச்சும் வேண்டாம் என்றார். பிகாஷ்தான் குறுக்கே நின்றான்.

"மூடாதீங்க அய்யா. பைய்யி என்னுது இல்லைன்னு என்ற தம்பியும் சொன்னானுங்க. புடிச்ச பொறகு சொன்னான். அப்பச் சொன்னா ஆருங்க நம்புவாங்க? நீங்க முன்னாடியே சொல்லிப்போடுங்க."

வர்ஷினி போலீசுக்குப் போன் செய்தாள். வந்தவர் ஒரு பெண் இன்ஸ்பெக்டர், மெர்சி என்று பெயர். டப்பாவைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், மூன்று மணி நேரம் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டார். மூடியில் இருக்கும் அருண்குமார், ரித்திகா யார் என்று அவர் கேட்க, புதுக்கல்யாணம் ஆன அந்தப் பிள்ளைகள் பெயரும் போலீஸ் ஏட்டில் ஏறிவிடுமோ என்று நாச்சியம்மாள் இன்னொரு பாட்டம் பதறினாள். கட்டிகள் கஞ்சாவிலிருந்து எடுத்த ஹஷீஷ் என்றார்கள். சாயங்காலம் மோகன்குமார், "அக்கா, பெட்டியெல்லாம் கட்டியாச்சுங்களா?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான். மப்டியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்த இரண்டு 'சொந்தக்காரர்கள்' டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து அவன் கையைப் பிடித்தார்கள். அவனுக்குத் தங்கச்சியே கிடையாது.

போகும்போது மெர்சி நாச்சியம்மாளிடம் சொன்னார். "உங்க பொண்ணு இதோட கோயமுத்தூர் ஏர்போர்ட்ல மாட்டியிருந்தா அரெஸ்ட்தான் பண்ணியிருப்போம், எனக்கு வேற வழி இல்லம்மா. அதயும் தாண்டி அங்க போய் எறங்கி மாட்டியிருந்தா, நாங்களே நெனச்சாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. இத மொதல்ல சந்தேகப்பட்டது யாரு?"

நாச்சியம்மாள் கையை நீட்டிக் காட்டினாள். பிகாஷ் ஷெட்டுக்குள் தீவனம் போட்டுக்கொண்டிருந்தான். கோழிகளுக்கு நேரமாகிவிட்டதாம்.

எல்லோரும் போன பிறகு நாச்சியம்மாள் தராசுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முன்பின் பார்க்காத ஊரில், பாஷை தெரியாத ஆபீசர்கள் நடுவில், தன் மகள் நின்று "அது என்னுது இல்லீங்க" என்று சொல்வது அவளுக்குக் காதில் கேட்டது. கொடுத்தவன் யார் என்றால், அம்மாவுக்குத் தெரிந்தவர் என்பாள். அம்மா எங்கே என்றால், பல்லடத்தில். அந்த இடத்தில் அவளுக்காக வந்து நிற்க ஒரு ஈ, காக்காய் உண்டா? சாமியை எல்லாம் வரிசையாகக் கும்பிட்டாள். கும்பிட்டு முடித்தபோதும் ஒருவன் பாக்கி நின்றான்.

எழுந்து ஷெட்டுக்குப் போனாள். பிகாஷ் நிமிர்ந்து பார்த்தான். ஊரில் எல்லோருக்கும் சொன்ன அந்த வார்த்தை அவளுக்கு வாய்வரை வந்து நின்றுகொண்டது. அதற்கு முன்னால் ஆடி மாதம் சொன்ன வார்த்தை வந்து குறுக்கே படுத்திருந்தது. அதைத் தாண்டி எப்படி இதைச் சொல்வது?

"சாப்ட்டயா பிகாசு?" என்றாள்.

"சாப்ட்டனுங்க அம்மா."

திரும்பி வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் புருஷனிடம், "ஏனுங்க, அவன் தம்பி கேசப் பாக்கற வக்கீலு நம்பரு பிகாசுகிட்ட இருக்குமுங்களா?" என்று கேட்டாள். தம்பிதுரை பேந்தப் பேந்த விழித்தார். "கேட்டு வாங்குங்க. நான் மல்லு கட்டித்தானுங்க உங்களத் தடுத்தேன். இப்ப நீங்க தடுத்தாலும் நான் போவேன். எங்கப்பன் எனக்கு எழுதி வெச்ச ஒண்ணேகால் ஏக்கரா எம்பேர்லதான் இருக்குது."

"நான் எப்ப அம்மணி தடுத்தேன்?" என்றார் அவர். நியாயமான கேள்விதான்.

ஆறு நாள் கழித்து வர்ஷினி சார்ஜாவுக்குப் போனாள். பெட்டியில் இருந்த ஒவ்வொரு சாமானையும் அவளே பிரித்து, அவளே அடுக்கிக் கட்டினாள். ஏர்போர்ட் வாசலில் அவள் தம்பிதுரையைக் கட்டிக்கொண்டு அழுதாள், நாச்சியம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு பெட்டி தூக்க வந்திருந்த பிகாஷைக் கும்பிட்டாள். "அண்ணா, வாரேனுங்க" என்றாள். உள்ளே போய்ப் பரிசோதனை எல்லாம் முடிந்து, "அம்மா, பெட்டியத் தொறந்து பாத்தாங்க, ஒண்ணும் பிரச்சனை இல்ல" என்று போன் செய்தாள். பெட்டியைத் திறந்து பார்த்த அந்த முகம் தெரியாத காவலர்களுக்காக நாச்சியம்மாள் ஏர்போர்ட் ரோட்டில் நின்றபடியே கையைத் தூக்கினாள். வழக்கமாக இதற்குச் சிரிக்கும் தம்பிதுரை அன்று சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் கிராம நிர்வாக அலுவலரிடம் சான்றிதழ், பட்டா, வீட்டு வரி ரசீது எல்லாம் எடுத்துக்கொண்டு நாச்சியம்மாளும் தம்பிதுரையும் கோயமுத்தூர் கோர்ட்டுக்குப் போனார்கள். ரஞ்சனுக்கு இலவசமாக வழக்கை நடத்தியவர் ஜோஸ்லின் என்ற வக்கீல். அவர் வாசலிலேயே சொல்லிக்கொடுத்தார். "ஜட்ஜ் கேட்டா, இவங்க அண்ணன் எங்ககிட்ட மூணு வருஷமா வேலை செய்யறாரு, குடும்பத்த நல்லாத் தெரியும்னு மட்டும் சொல்லுங்கம்மா. வேற ஒண்ணும் பேச வேண்டாம்." நாச்சியம்மாள் அதை மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கூப்பிட்டார்கள். ஒரு பக்கம் போலீஸ்காரர்கள் நடுவில் ஒல்லியாக ஒருவன் நின்றிருந்தான். அண்ணனின் அதே நெற்றி, அதே காது. வேறு ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. ஜட்ஜ் காகிதங்களைப் புரட்டினார்.

"இவர உங்களுக்குத் தெரியுமாம்மா?"

சொல்லிக்கொடுத்தது எல்லாம் அவளுக்கு மறந்துபோனது. "தெரியாதுங்க அய்யா. இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்."

ஜோஸ்லின் தலையில் கை வைக்காத குறை. தம்பிதுரை இருமினார். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார்.

"முன்னப் பின்னத் தெரியாதவருக்கு எப்படிம்மா ஜாமீன் நிக்கறீங்க?"

அவளுடைய வார்த்தையே அவளிடம் திரும்பி வந்தது.

"என்ற புள்ள வெளிநாட்டுக்குப் போற நேரத்துல ஒருத்தன் டப்பாவுக்குள்ள இதையே வெச்சுக் குடுத்து உட்டானுங்க. நான்தானுங்க ரெண்டு கையாலயும் வாங்குனேன். இவனோட அண்ணன் சொல்லித்தானுங்க பிரிச்சோம். பிரிக்காம உட்டிருந்தா என்ற புள்ள இந்நேரம் அங்க இப்படித்தான் நின்னுட்டிருப்பா. அங்க எங்கள ஆருக்குங்க தெரியும்? முன்னப் பின்னத் தெரியாத ஒரு பொம்பள வந்து என்ற புள்ளைக்குக் கையெழுத்துப் போடோணும்னு நான் இங்க இருந்து எல்லாச் சாமியவும் கேட்டிருப்பேன். அந்தப் பொம்பளதானுங்க நானு."

ஜட்ஜ் தம்பிதுரையைப் பார்த்தார். "நீங்க?"

"அந்தப் பொம்பளையோட ஊட்டுக்காரருங்க அய்யா" என்றார் தம்பிதுரை.

ஜட்ஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பட்டாவை இன்னொரு முறை முழுசாகப் படித்தார். வாய்தா தவறாமல் வழக்குக்கு அவனைக் கொண்டுவர வேண்டும் என்றார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் சாயங்காலம் ஜெயில் வாசலில் பிகாஷும் சேர்ந்து மூவரும் காத்திருந்தார்கள். சிறிய கதவு திறந்து ரஞ்சன் வந்தான். அண்ணனும் தம்பியும் கட்டிக்கொண்டு அவர்கள் பாஷையில் ஏதேதோ பேசினார்கள், அழுதார்கள். தம்பிதுரை அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நாச்சியம்மாள் பையிலிருந்து தன் டப்பாவை எடுத்தாள், அருண்குமார், ரித்திகா பெயர் வெட்டிய டப்பா. காலையில் சுட்ட கச்சாயம் நிறைந்திருந்தது.

"இந்தா கண்ணு, புடி."

அவள் நீட்டிய டப்பாவை ரஞ்சன் பார்த்தான். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு அடி பின்னால் போனான்.

"பயப்படறானுங்க அம்மா" என்றான் பிகாஷ். "யாரு என்ன குடுத்தாலும் இனிமே வாங்க மாட்டேன்னு சொல்றானுங்க. தப்பா நெனைக்காதீங்க."

நாச்சியம்மாள் தப்பாக நினைக்கவில்லை. பஸ் ஸ்டாப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். மடியில் முந்தானையை விரித்தாள். டப்பாவைத் திறந்து ஒரு கச்சாயத்தை எடுத்தாள். அவனுக்குக் காட்டினாள், முந்தானையில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள், காட்டினாள், வைத்தாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று எடுத்துக்கொண்டே இருந்தாள். கடைசியாக டப்பாவைக் கவிழ்த்து அடியைத் தட்டிக் காட்டினாள். இரண்டு துளி எண்ணெயைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. மறுபடி ஒவ்வொன்றாக அடுக்கினாள். மூடி போடாமல் நீட்டினாள்.

ரஞ்சன் முதுகுக்குப் பின்னாலிருந்து கையை எடுத்தான். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். ஒன்றை எடுத்துப் பாதி கடித்ததும் அவனுக்கு மறுபடி அழுகை வந்துவிட்டது. வாய் நிறையக் கச்சாயத்தோடு அழுதான்.

இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று நாச்சியம்மாள் பிகாஷ் பக்கம் திரும்பினாள். அதற்குள் அவன் முந்திக்கொண்டான். வலது கையை, அவள் தூக்குவது போலவே மேலே தூக்கினான்.

"நல்லா இருக்கோணும் சாமி" என்றான்.

மூன்று வருஷமாக மற்ற எல்லோருக்கும் அவள் சொல்லக் கேட்டுக் கேட்டே அவன் அதைக் கற்றுக்கொண்டிருந்தான். நாச்சியம்மாள் எண்ணெய்க் கையோடு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்ல நினைத்ததை அவளால் அழுகைக்கு நடுவில்தான் சொல்ல முடிந்தது. ஆனால் சொல்லிவிட்டாள்.